காசிக்குப் போகும் அப்பா அம்மா: கடைசி இருநூறு மீட்டரை முதலில் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69, இருவரும் திருச்சியில் இருக்கிறார்கள். அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறார், பி.பி. மாத்திரை உண்டு, இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து பாத்ரூம் போவார். அம்மாவுக்கு ஒரு முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, இன்னொன்று வலிக்கிறது. காசி, பிரயாகை, கயா, முடிந்தால் அயோத்தி என்று ஆசை. நீங்கள் பெங்களூரில் வேலை பார்க்கிறீர்கள், கூடப் போகப் போகிறீர்கள். இந்த உடம்போடு போகலாமா, போனால் எப்படி என்பதுதான் கேள்வி.

தாராளமாகப் போகலாம். வயதானவர்களைக் காசிக்கு அழைத்துப் போய் வருவது என் தொழில். உங்கள் பெற்றோரைவிட உடம்பு முடியாதவர்கள்கூட நல்லபடியாகப் போய் வந்திருக்கிறார்கள். அதே சமயம், இவர்களைவிடத் திடமாக இருந்தவர்கள் இடுப்பெலும்பு முறிந்து திரும்பியதும் உண்டு. அப்படி விழுந்த இடங்களை யோசித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வகை: ரயில் படிக்கட்டு, லாட்ஜ் பாத்ரூம், ஈரமான படித்துறை, படகின் விளிம்பு, கோயில் வாசல்படி. ரயிலோ விமானமோ ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிதாக எதுவும் நடப்பதில்லை. வண்டியை விட்டு இறங்கி அறைக்குப் போகிற, அறையை விட்டு சந்நிதிக்குப் போகிற அந்தக் கடைசி இருநூறு மீட்டரில்தான் எல்லாம் நடக்கிறது. அதனால் எத்தனை ஊர், எத்தனை நாள் என்ற கணக்கைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, எத்தனை இடத்தில் ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையைக் குறைத்தாலே பாதித் திட்டம் முடிந்தது.

முதலில் மாதம். அம்மாவுக்குத் தீபாவளி சமயத்தில் தங்க அன்னபூரணியைப் பார்க்கும் ஆசை இருக்கலாம், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் வரும் தன்தேரஸ் முதல் பின்னால் வரும் அன்னகூடம் வரை சில நாள்தான் அந்தத் தரிசனம். சந்துகளில் நெரிசல் முட்டும். மாற்று மூட்டோடு அந்த வரிசை வேண்டாம். கார்த்திகைப் பௌர்ணமி தேவ் தீபாவளியும், மகா சிவராத்திரியும் அதே கதைதான். டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய மூடுபனி, அப்போது ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், விமானமும் தப்பாது. பிரயாகையில் தை மாசி வாக்கில் மாக மேளா நடக்கும், அப்போதும் கூட்டம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஆடி ஆவணியில் கங்கை பெருகிப் படித்துறைகள் மூழ்கிவிடும், படகையும் நிறுத்திவிடுவார்கள். மிச்சம் இருப்பது அக்டோபர் தொடங்கி நவம்பர் முன்பாதி வரை (தீபாவளி நாட்களைத் தவிர்த்து), அப்புறம் பிப்ரவரியிலிருந்து மார்ச் நடு வரை (சிவராத்திரியைத் தவிர்த்து). நான் உங்களுக்குப் பிப்ரவரி பிற்பாதியைத்தான் சொல்வேன். காலையில் ஸ்வெட்டர் தேவைப்படும், மதியம் சுகமாக இருக்கும்.

அடுத்தது எப்படிப் போவது. பெரும்பாலோர் போக வர இரண்டுக்கும் ரயில், அல்லது இரண்டுக்கும் விமானம் என்று முடிவு செய்கிறார்கள். இந்த வயதில் போகும்போது விமானம், வரும்போது ரயில் என்பது என் கட்சி. போகிற வழியிலேயே இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து கால் வீங்கி இறங்கினால், காசியில் முதல் இரண்டு நாள் அதிலேயே போய்விடும். திரும்பும்போது வருகிற களைப்பைச் சொந்த வீட்டில் படுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். தவிர, வரும்போதுதான் கங்கைச் சொம்பு, அன்னபூரணி விக்ரகம், பனாரஸ் புடவை என்று சாமான் ஏறியிருக்கும். ரயிலில் அது பாட்டுக்கு இருக்கையின் கீழே கிடக்கும்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் பெங்களூரில் இருக்கிறீர்கள், அங்கிருந்து வாரணாசிக்கு நேர் விமானம் உண்டு. அப்பா அம்மாவை நாலு நாள் முன்னாடியே உங்கள் வீட்டுக்கு வரவழைத்துவிடுங்கள். நடுவில் விமானம் மாறுகிற வேலை மிச்சம், திருச்சிப் பயணக் களைப்பும் தீர்ந்திருக்கும். அந்த நாலு நாளில் அவர்கள் உண்மையில் எவ்வளவு நடக்கிறார்கள், எத்தனை மணிக்கு மருந்து சாப்பிடுகிறார்கள், இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார்கள் என்று நீங்களே பார்க்கலாம். போனில் கேட்டால் எல்லாப் பெற்றோரும் "எனக்கு ஒண்ணுமில்லப்பா" என்றுதான் சொல்வார்கள்.

விமான டிக்கெட் எடுக்கும்போதே இருவருக்கும் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். விட்டுவிட்டால் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். இதில் மூன்று வகை உண்டு. படி ஏற முடியும், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது என்பவர்கள் ஒரு வகை. படியும் ஏற முடியாதவர்கள் அடுத்த வகை. இருக்கை வரை நாற்காலியிலேயே போக வேண்டியவர்கள் மூன்றாவது. பலர் யோசிக்காமல் முதல் வகையைச் சொல்லிவிடுகிறார்கள். பாலம் போட்ட வாசலில் விமானம் நின்றால் பிரச்சினை இல்லை. தள்ளி நிறுத்திப் பேருந்தில் கொண்டுபோனால் செங்குத்தான இரும்புப் படியில் ஏற வேண்டி வரும். அம்மாவுக்கு இரண்டாவது வகையைக் கேளுங்கள், அப்போதுதான் ஆளை நாற்காலியோடு மேலே தூக்கும் வண்டியில் வைத்து ஏற்றிவிடுவார்கள். அப்பா "நான் என்ன நோயாளியா, நாற்காலி எதுக்கு" என்று கோபிப்பார். விமான நிலையத்தில் நடை தூரம் அதிகம், பாதுகாப்புச் சோதனையில் நிற்க வேண்டியிருக்கும், அதையெல்லாம் மிச்சம் பிடித்தால் சாயங்காலம் கங்கையைப் பார்க்கத் தெம்பு இருக்கும் என்று சொல்லுங்கள். அம்மாவின் செயற்கை மூட்டு சோதனை வாசலில் சத்தம் போடும், முன்கூட்டியே சொல்லிவிட்டால் கையால் சோதித்து அனுப்புவார்கள். இருவருக்கும் நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கோடு போட்டால் அங்கே உள்ள குளிரில் உறைந்துபோகலாம், ஒரு தடவை உறைந்த இன்சுலின் அதற்குப் பிறகு உதவாது.

திரும்ப வரும் ரயிலுக்குத் திருச்சி வழியாகவே இரண்டு வாராந்திர வண்டிகள் இருக்கின்றன: பனாரஸ்–ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ், இன்னொன்று 2023 டிசம்பரில் தொடங்கிய காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ், இது பனாரஸ்–கன்னியாகுமரி. சென்னை சென்ட்ரலுக்குப் போகும் கங்கா காவேரி வாரம் இருமுறை உண்டு, ஆனால் அது பீகாரில் சாப்ராவிலிருந்து வருவது, வாரணாசியில் சில நிமிடம்தான் நிற்கும். முதல் இரண்டும் பனாரஸிலேயே புறப்படுகின்றன. மூட்டுவலிக்காரருக்கு இது பெரிய வித்தியாசம். புறப்படும் நிலையத்தில் வண்டி முன்னாலேயே வந்து நிற்கும். கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு நிமிடம் என்று ஏறினாலும் யாரும் விசிலடிக்க மாட்டார்கள். இடையில் நின்று போகிற வண்டியில் இருபது பேர் முண்டியடிக்கும்போதுதான் கால் இடறும். பனாரஸ் என்பது பழைய மண்டுவாடி நிலையம், 2021இல் பெயர் மாற்றினார்கள். வாரணாசி ஜங்ஷன் வேறு, இது வேறு. ஆட்டோக்காரரிடம் "பனாரஸ் ஸ்டேஷன்" என்று சொன்னால்கூட ஜங்ஷனில் இறக்கிவிடுவதுண்டு, "மண்டுவாடி" என்று சேர்த்துச் சொல்லுங்கள். திருச்சியில் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர் யாராவது நடைமேடைக்கு வந்து கைகொடுத்தால் இறங்குவது லேசு.

இனி டிக்கெட். முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பரிலிருந்து இப்படித்தான், பழைய 120 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்கைத் தயாராக வைத்திருங்கள். முக்கியமான விஷயம் இதுதான்: மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் கிடைக்கும், ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவர் அல்லது இருவர் இருந்தால் மட்டும்தான், அந்த இருவரும் அந்த வயதுக்காரர்களாக இருக்க வேண்டும். நீங்களும் சேர்ந்து மூன்று பேராக ஒரே டிக்கெட் எடுத்தால் அந்த ஒதுக்கீடு போய்விடும். குடும்பம் பிரியக்கூடாது என்று எல்லோரும் ஒரே பிஎன்ஆரில் போட்டுவிட்டு, அம்மாவுக்கு மேல்படுக்கை வந்துவிட்டதே என்று அப்புறம் டிடிஇ பின்னால் அலைகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்பா அம்மா இருவருக்கும் தனி டிக்கெட், ஒதுக்கீட்டில் "கீழ்ப்படுக்கை / மூத்த குடிமகன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்களுடையது தனி, அதே வகுப்பில் பொது ஒதுக்கீடு. வேறு பெட்டியில் விழுந்தால்கூட உங்கள் இடத்தை மாற்றிக்கொள்வது சுலபம், மூட்டுவலிக்காரருக்குக் கீழ்ப்படுக்கை தேடுவதுதான் கஷ்டம். கட்டணச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள், 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள்.

வகுப்பைப் பொறுத்தவரை, காசு இடம் கொடுத்தால் டூ டயர் ஏசி. குளிர்ச்சி இரண்டிலும் ஒன்றுதான். த்ரீ டயரில் நடுப்படுக்கையைத் தூக்கி மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. இரவில் நாலு தடவை எழுந்திருக்கிற அப்பா ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்து, உடம்பை முறுக்கி வெளியே வர வேண்டும். டூ டயரில் நடுப்படுக்கையே கிடையாது. எழுந்து, கொஞ்சம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று பார்த்துவிட்டுக் காலை ஊன்றலாம். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஒரு நிமிட உட்காரல் ரொம்ப முக்கியம். இரவில் கழிப்பறைக்குப் போகும்போது நீங்கள் கூடவே எழுந்து போங்கள், அல்லது வாசல் வரையாவது போங்கள். பெட்டிகளை இணைக்கும் இடத்தில் ஓடுகிற வண்டி ஆட்டும் ஆட்டத்தில் இளவட்டங்களே தடுமாறுவார்கள்.

தண்ணீர் விஷயத்தில் இருவரையும் கண்காணியுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று பெரியவர்கள் பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. அதனால்தான் தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் எல்லாம். இரண்டு மணிக்கொரு தடவை ஒரு டம்ளர் என்று நீங்களே கொடுங்கள். அப்பாவுக்கு நீர் பிரியும் மாத்திரை இருந்தால், பயண நாளில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவராக நிறுத்திவிட விடாதீர்கள். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி அழுத்திக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். நெடுநேரம் அசையாமல் இருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் ஆபத்து வயதோடு கூடுகிறது. பயணம் முடிந்து ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது திடீரென்று மூச்சு வாங்கினால், களைப்பு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தங்குமிடம்தான் காசியில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எல்லோரும் "கோயிலுக்குப் பக்கத்தில்" என்று கேட்கிறார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் என்றால் கலி எனப்படும் சந்துக்குள் என்று அர்த்தம். வண்டி உள்ளே வராது. கல் பாவிய பாதை, சாணி, திடீரென்று குறுக்கே வரும் பைக், நடுவில் படுத்திருக்கும் மாடு. கோதௌலியா சந்திப்பைத் தாண்டிப் பெரும்பாலான நேரம் வாகனம் விடுவதில்லை. ஆகவே ஆட்டோவோ ஈ-ரிக்‌ஷாவோ வாசல் வரை வந்து நிற்கிற இடத்தை எடுங்கள், கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டுச் சாப்பாடும் தமிழ் பேசும் ஆட்களும் வேண்டும் என்றால் கோதௌலியாப் பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம், கேதார் காட்டில் (காட் என்றால் படித்துறை) குமாரசாமி மடம், அனுமான் காட் பகுதி இவையெல்லாம் காலங்காலமாக நம்மவர்கள் இறங்குகிற இடங்கள். அனுமான் காட்டில்தான் பாரதி தன் அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அறை எடுக்கும் முன் போன் பண்ணிக் கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். தரைத்தளமா, இல்லையென்றால் லிஃப்ட் ஓடுகிறதா? வாசலில் எத்தனை படி? கழிப்பறை வெஸ்டர்னா? வெந்நீர் உண்டா? "எல்லாம் இருக்கு சார்" என்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை நடந்து காட்டச் சொன்னால், நடுவில் இருக்கிற ஓர் அங்குல வாசல்மேடு, வழுக்கும் டைல்ஸ் எல்லாம் தெரிந்துவிடும்.

அறைக்குப் போனதும் செய்ய வேண்டியது மூன்று. பிளக்கில் செருகும் சின்ன இரவு விளக்கு ஒன்று (ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள்) கழிப்பறை வழியில் எரிய வேண்டும். குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோ முக்காலியோ கேட்டு வாங்கிப் போடுங்கள். பாத்ரூமை உள்ளே தாழ் போடக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். இரவில், புது அறையில், தூக்கக் கலக்கத்தில் எழுந்து வீட்டில் இருக்கிற நினைப்பில் இடதுபக்கம் திரும்பி விழுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது ஊர்கள். நாலு ஊரும் ஒரே பயணத்தில் வேண்டாம். அயோத்தி காசியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல், 2024 ஜனவரியில் கும்பாபிஷேகம் ஆனதிலிருந்து கூட்டம் குறைந்தபாடில்லை. அதை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். காசியை மையமாக வைத்து ஒரே அறையில் ஏழெட்டு நாள் இருங்கள். பெட்டியைக் கட்டி அவிழ்க்கிற ஒவ்வொரு தடவையும் மாத்திரை டப்பா, கண்ணாடி, பல்செட் என்று ஏதாவது ஒன்று காணாமல் போகும். பிரயாகைக்குக் காசியிலிருந்து காரில் போய் அன்றே திரும்பலாம், சுமார் 125 கிலோமீட்டர். கயா சுமார் 250 கிலோமீட்டர், அதற்கு ரயிலில் போய் ஒரு ராத்திரி தங்குவது நல்லது. கயா போகத்தான் வேண்டுமா என்பதை அப்பாவிடம் தனியாகக் கேளுங்கள். தன் அப்பா அம்மாவுக்குப் பிண்டம் போட வேண்டும் என்ற கடமையாக நினைக்கிறாரென்றால் அதுதான் இந்தப் பயணத்தின் உயிரே, மற்றதை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் போறாங்களே" என்றால் விட்டுவிடலாம்.

முதல் நாள் எங்கேயும் போகாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்கட்டும். பிறகு தினம் காலையில் ஒரு இடம், மதியம் தூக்கம், சாயங்காலம் ஒரு இடம். அதற்கு மேல் சேர்க்கக்கூடாது. விசுவநாதரை அதிகாலைக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், கட்டணத் தரிசனமான சுகம் தரிசனச் சீட்டு எடுத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில் திறந்த புது வளாகம் விசாலமாக இருக்கிறது, பழைய நெரிசல் இல்லை. ஆனால் சலவைக்கல் தரை, அபிஷேகத் தண்ணீரும் பாலும் சிந்தியிருக்கும். படகில் வந்து லலிதா காட் வழியாக ஏறலாம் என்று படகுக்காரர் ஆசை காட்டுவார், அங்கே படிகள் உண்டு, அம்மாவுக்கு ஊர்ப்பக்க வாசலே சரி. கோயிலுக்குள் செல்போன் விடுவதில்லை, வெளியே லாக்கரில் வைக்க வேண்டும். அதனால் உள்ளே பிரிந்துபோனால் போன் பண்ண வழியில்லை. காலணி விட்ட இடத்தையோ லாக்கரையோ "பிரிந்தால் இங்கே நில்லுங்கள்" என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள். இருவர் சட்டைப்பையிலும் முந்தானை முடிச்சிலும் ஒரு தாள் இருக்கட்டும்: பெயர், தங்கும் இடம், உங்கள் எண், நோய், மருந்து, இதெல்லாம் இந்தியில். லாட்ஜ் மேலாளரே எழுதிக் கொடுப்பார்.

அப்பா காலுக்குத் தனிக் கவனம் வேண்டும். வருஷக்கணக்கில் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், சுடுகிற கல்லும் தைக்கிற ஆணியும் தெரியாது. கோயிலில் தடித்த பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம், ஈரமான இடத்தில் மட்டும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே வழுக்கும். ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் டார்ச் அடித்து நீங்களே பாருங்கள். புதுச் செருப்பைப் பயணத்துக்கென்று வாங்காதீர்கள்.

கங்கையில் இறங்கி மூன்று முழுக்குப் போட வேண்டும் என்று அம்மா நிச்சயம் சொல்வார். படித்துறைப் படிகள் ஒன்று உயரம், ஒன்று தாழ்வு, தண்ணீருக்குள் இருப்பதில் பாசி. கடைசி உலர்ந்த படியில் உட்காரவைத்து, சொம்பால் மொண்டு தலையில் விடுங்கள். ஈரப்புடவையோடு எழுந்திருக்கும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். சாயங்கால ஆரத்திக்குத் தசாசுவமேத காட் கூட்டத்தில் நசுங்க வேண்டாம். அஸ்ஸி காட்டிலும் ஆரத்தி உண்டு, இடம் தாராளம். சரிவுப்பாதை போட்ட நமோ காட்டில் மூட்டுவலிக்காரர்கூடத் தண்ணீர் அருகே போகலாம். பஞ்ச தீர்த்த சிராத்தம் செய்கிறீர்கள் என்றால் படகில் அஸ்ஸி தொடங்கி ஐந்து காட்டுக்கும் போவார்கள், ஒவ்வொன்றிலும் ஏறி இறங்காமல் படகிலேயே உட்கார்ந்து செய்யலாமா என்று சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

பிரயாகையில் வேணி தானம் செய்வீர்கள் என்று நினைக்கிறேன். கணவர் மனைவிக்குத் தலைவாரிப் பின்னி, பூ வைத்து, நுனி முடியைக் கொஞ்சம் வெட்டித் திரிவேணியில் விடுவார்கள். போன பிப்ரவரியில் ஒரு பெரியவர், வாழ்நாளில் சீப்பையே பிடித்துப் பார்க்காதவர், மூன்று கால் எடுத்துப் பின்னத் தெரியாமல் இரண்டு காலை முறுக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் திரும்பாமலே, கையைப் பின்னால் நீட்டி அடுத்த காலை எடுத்துக் கொடுத்தார். மணலில் மணைப்பலகையில் உட்கார்ந்தவர்களை அப்புறம் எழுப்பத்தான் நாலு பேர் வேண்டியிருந்தது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கேளுங்கள், கொண்டுவந்து போடுவார்கள், சடங்குக்கு ஒரு குறையும் இல்லை. சங்கமத்துக்குக் கார் கிட்டத்தில் போகாத நாட்களும் உண்டு, மணலில் நடை இருக்கும், கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள்.

கயாவில் அபாயம் வேறு மாதிரி. பல்குனி நதிக்கரை, விஷ்ணுபாதம், அட்சயவடம் என்று காலையில் தொடங்கினால் முடிய மதியம் தாண்டும், அதுவரை சாப்பிடக்கூடாது என்பார்கள். காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டுக்கொண்டு பட்டினியாக உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். கிளைமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதிதான். அன்றைய ஊசி அளவை உங்கள் டாக்டரிடம் ஊரிலேயே எழுதி வாங்குங்கள். வாத்தியாரிடமும் சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள், முடியாதவர்களுக்குப் பாலும் பழமும் உண்டு என்று அவரே சொல்வார். பொதுவாகவே வெளியூரில் "இலை போட்ட பிறகு ஊசி" என்று வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஓட்டலில் சாப்பாடு பத்து நிமிடம் என்பது முக்கால் மணி நேரம் ஆகும். வியர்வை, கை நடுக்கம், குழறல் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மருந்து விஷயம் உங்களுக்கே தெரியும், இரண்டே இரண்டு சொல்கிறேன். தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கான மருந்தைக் கூட எடுத்து, மொத்தத்தையும் இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும், நம்மூர் பிராண்ட் அங்கே இருக்காது. பிப்ரவரிக் குளிரில் உபயோகத்தில் உள்ள இன்சுலின் பேனாவுக்குக் குளிர்பெட்டி தேவையில்லை, ஐஸோடு ஒட்டி வைத்துக் கெடுக்காதீர்கள். கிளம்பும் ஒரு மாதம் முன்பு டாக்டரைப் பார்க்கும்போது ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றியும் கேளுங்கள். காசியில் பெரிதாக ஏதாவது ஆனால் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் சர் சுந்தர்லால் மருத்துவமனை இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு அங்கேயும் 108தான், எந்த அவசரத்துக்கும் 112, ரயிலுக்குள் 139.

குழுப் பயணத்தில் சேர்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அறநிலையத் துறை இலவசமாக நடத்தும் ராமேஸ்வரம்–காசிப் பயணம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது 60 முதல் 70 வயது வரை, அப்பா தாண்டிவிட்டார். பாரத் கௌரவ் என்ற சுற்றுலா ரயில்களில் செலவு குறைவு, சாப்பாடு கையில் வரும். ஆனால் குழுவின் வேகத்துக்கு ஓட வேண்டும். அம்மா நடையில் பின்தங்கினால் நாற்பது பேர் காத்திருப்பார்கள், அந்தக் கூச்சத்திலேயே வேகமாக நடந்து விழுவார். நீங்கள் கூடப் போவதால் தனியாகவே போங்கள்.

ஊர் திரும்பியதும் ராமேஸ்வரம் போய் கங்கை நீரால் அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி என்பது வழக்கம். அதை அதே வாரத்தில் வைக்காதீர்கள். சீல் வைத்த சொம்பு பூஜையறையில் பத்திரமாக இருக்கும், மூன்று வாரம் கழித்துப் போகலாம். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் போகிறது. அங்கே 22 தீர்த்தத்திலும் நனைந்தபடி ஓடுகிற கூட்டத்தில், பிராகாரம் முழுக்க ஈரமாக இருக்கும். ஓரிரண்டு தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று அம்மாவிடம் இப்போதே பேசி ஒப்புக்கொள்ள வையுங்கள். வாளியோடு நிற்கிறவர் முன்னால் போய் நின்றுகொண்டு சொன்னால் கேட்க மாட்டார்.